லிப்ரே ஆபிஸுக்குத் தமிழில் பயிற்சிக் குறிப்பு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கணினிப் பாடங்களைத் தமிழில் எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். ஆனால் அலுவலக மென்பொருள் என்று வந்துவிட்டால் அவர்களில் பெரும்பாலோர் வேர்டு, எக்செல் ஆகிய இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. படித்தவர் அன்றைக்கே காசு செலவில்லாமல் நிறுவி, சொன்னபடி செய்து பார்க்க முடியும் என்பது ஒன்றே லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்குக் குறிப்பு எழுதப் போதுமான காரணம். அதில் வேர்டுக்கு இணையானது ரைட்டர், எக்செலுக்கு இணையானது கால்க்.

வேர்டுக்கு எழுதிப் பழகியவருக்கு இதற்கான திறமையில் முக்கால் பங்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். மீதிக் கால் பங்கில்தான் புதிய எழுத்தாளர்கள் தடுமாறுகிறார்கள்: பழைய குறிப்பை எடுத்து மெனுப் பெயர்களை மட்டும் மாற்றி வெளியிடுகிறார்கள், வாசகர் மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகிறார். அந்தக் கால் பங்கைப் பற்றியே கீழே விரிவாகச் சொல்லப்படுகிறது.

1. ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள்

“ரைட்டர் ஓர் அறிமுகம்” என்று தொடங்கி ஒவ்வொரு மெனுவாக விளக்கிக்கொண்டு போகும் குறிப்பை யாரும் முடிவுவரை படிப்பதில்லை. வாசகர் ஒரு வேலை முடியவில்லை என்பதால்தான் தேடிக்கொண்டு வருகிறார். அந்த வேலையின் பெயரே தலைப்பாக இருக்க வேண்டும்.

பள்ளி ஆண்டு விழா அழைப்புக் கடிதத்தை ஒவ்வொரு பெற்றோர் பெயருக்கும் தனித்தனியாக அச்சிடுவது, குடியிருப்போர் சங்கத்தின் வரவுசெலவைக் கால்க்கில் மாதவாரியாகத் தொகுப்பது, ஆய்வறிக்கையின் நடுவே அகலமான அட்டவணைக்காக ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கிடைமட்டமாகத் திருப்புவது ஆகியவை நல்ல பணிகள். கடைசியாகச் சொன்னதை இந்த வழிகாட்டி முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தேர்ந்தெடுத்த பின், குறிப்பு முடியும்போது வாசகர் கையில் என்ன இருக்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் இரண்டு விளைவுகள் வந்தால், அவை இரண்டு குறிப்புகளாகப் பிரிய வேண்டியவை.

முதல் குறிப்பாக “நிறுவுவது எப்படி” என்பதை எழுத வேண்டாம் என்பது என் கருத்து. நிறுவுவதில் தடுமாறுவோர் குறைவு. நிறுவிய மறுநாள், வேர்டில் செய்ததுபோலவே செய்து பார்த்து, வரவில்லை என்று கைவிடுவோர்தான் மிகுதி.

2. எழுதத் தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

பதிப்பு எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஹெல்ப் → அபௌட் லிப்ரே ஆபிஸ் என்ற இடத்தில் அது இருக்கும். 2024 முதல் பதிப்புகளுக்கு ஆண்டையும் மாதத்தையும் கொண்டே எண் இடுகிறார்கள்: 24.2 என்றால் 2024 பிப்ரவரி, 24.8 என்றால் 2024 ஆகஸ்ட். ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன.

இந்த எண்ணைக் குறிப்பின் தொடக்கத்திலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பக்க எண்ணை ஒரே படியில் சேர்க்கும் இன்செர்ட் → பேஜ் நம்பர் என்ற வசதி 7.6 பதிப்பில்தான் வந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்புடன் வரும் லிப்ரே ஆபிஸோ 7.3. அந்தக் கணினியில் உட்கார்ந்திருக்கும் வாசகர் இல்லாத மெனுவைத் தேடி அலைந்து, கடைசியில் தம்மையே குறை சொல்லிக்கொள்வார்.

அடுத்தது திரையின் தோற்றம். வியூ → யூசர் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் ஸ்டாண்டர்ட் டூல்பார், டேப்டு என்று பல தோற்றங்கள் உள்ளன. டேப்டு தோற்றம் வேர்டைப் போலவே இருப்பதால் பலர் அதற்கு மாறியிருப்பார்கள். அதில் மெனுப் பட்டை வழக்கமாக மறைந்திருக்கும். எனவே குறிப்பு முழுவதையும் ஸ்டாண்டர்ட் டூல்பார் தோற்றத்தில் எழுதுங்கள். வாசகரும் அதற்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பதை முதல் படிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மேக் கணினியில் டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் இல்லை. அந்த அமைப்புகள் லிப்ரே ஆபிஸ் என்ற மெனுவின் கீழ் இருக்கின்றன. கன்ட்ரோல் விசைக்குப் பதில் கமாண்ட் விசை. மேக் வாசகருக்கு இந்த இரண்டு வரிகளே பெரும்பாலும் போதும். ஒவ்வொரு படியிலும் திரும்பச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கணினி வாசகரின் கணினியைப் போல நடந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் பயன்படுத்தியவரிடம் தாமே மாற்றி வைத்த அமைப்புகள் நிறைய இருக்கும். எதை மாற்றினோம் என்பதே நினைவில் இருக்காது. ஹெல்ப் → ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட் என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் பெட்டியில் கன்டின்யூ இன் சேஃப் மோட் என்ற பொத்தானை அழுத்தினால், நிறுவிய அன்று இருந்த நிலையில் தற்காலிகமாகத் திறக்கும். உங்கள் குறிப்பின் எல்லாப் படிகளும் அந்த நிலையில் வேலை செய்தாக வேண்டும்.

3. தமிழுக்கான அமைப்புகளைத் தனிப் பகுதியாக முன்னால் வையுங்கள்

ஆங்கிலத்தில் உள்ள குறிப்புகளைத் தழுவி எழுதுவோர் முற்றிலும் விட்டுவிடும் பகுதி இதுதான். தமிழில் தட்டச்சு செய்யும் வாசகர் அதிகமாக மாட்டிக்கொள்ளும் பகுதியும் இதுவே.

லிப்ரே ஆபிஸ் எழுத்துகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துகள், கிழக்காசிய எழுத்துகள், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் எனப்படும் வகை. தமிழ் மூன்றாவதில் சேரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்துரு, அளவு, தடிமன் ஆகியவை தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன.

இதன் விளைவு என்ன? வாசகர் ஒரு பத்தி ஸ்டைலை (பத்திகளின் தோற்றத்தை ஒரே பெயரில் சேமித்து வைக்கும் அமைப்பை) திறந்து, முதலில் கண்ணில் படும் மேற்கத்திய எழுத்துக்கான இடத்தில் அளவை 14 என்று மாற்றி ஓகே அழுத்துவார். ஆங்கிலச் சொற்கள் பெரிதாகும். தமிழ் அப்படியே இருக்கும். மென்பொருளில் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்.

ஆகவே உங்கள் குறிப்பில் இந்த வரிசை இருக்கட்டும். டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ் → ஜெனரல் என்ற பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற பெட்டியில் டிக் இட்டு, அதற்கு நேராகத் தமிழைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் இந்தப் பக்கத்தின் பெயர் லாங்குவேஜ் செட்டிங்ஸ் → லாங்குவேஜஸ் என்று இருக்கும். டிக் இடாவிட்டால் எழுத்துருப் பெட்டியில் தமிழுக்கான இடம் கண்ணிலேயே படாது என்பதால்தான் இது முதலில் வருகிறது. ஸ்டைல்களில் எழுத்துருவை மாற்றும் படிகள் எல்லாம் இதற்குப் பிறகே வர வேண்டும்.

அதே பக்கத்தில் லொகேல் செட்டிங் என்றும் ஒன்று உள்ளது. அது இங்கிலிஷ் (யுஎஸ்ஏ) என்று இருந்தால் இரண்டு தொல்லைகள் நேரும். புதிய ஆவணத்தின் தாள் ஏ4 ஆக இல்லாமல் லெட்டர் அளவில் அமையும். கால்க்கில் 13/05/2025 என்று தட்டினால் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 05/06/2025 என்று தட்டினாலோ ஜூன் 5 என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். முன்னதாவது கண்ணுக்குத் தெரியும். பின்னது தெரியாமலே கணக்கைக் கெடுக்கும். இந்தியாவில் உள்ள வாசகருக்கு இங்கிலிஷ் (இந்தியா) என்று மாற்றச் சொன்னால் இரண்டும் சரியாகும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. அவற்றில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எனவே மேலே சொன்ன தமிழ் அமைப்பு எதுவும் அவற்றின்மேல் செல்லாது. அத்தகைய கோப்பை வைத்திருப்பவர் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லி மேலே செல்லுங்கள். மாற்றும் முறை வேறொரு குறிப்புக்குரியது.

4. மாதிரிக் கோப்பைத் தயாரித்தல்

படிகளை எழுதும் முன் மாதிரிக் கோப்பைத் தயாரியுங்கள். படிகளை எழுதிய பின் கோப்பைச் செய்தால், கோப்பில் இல்லாத தலைப்பையும் பத்தியையும் குறிப்பில் சுட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நம் எடுத்துக்காட்டுக்கு மூன்று பக்கங்கள் போதும்: அறிமுகப் பத்திகள், பத்து நெடுவரிசை கொண்ட அட்டவணைக்கான தரவு, முடிவுரைப் பத்தி. “லோரம் இப்சம்” என்ற பொருளற்ற நிரப்பு உரையை இடாமல் படிக்கத்தக்க தமிழ்ப் பத்திகளை வையுங்கள். உயிர்மெய் எழுத்துகள் வரி உடையும் இடத்தில் எப்படி நிற்கின்றன என்பதும் அப்போதுதான் தெரியும்.

விண்டோஸில் உள்ள லதா எழுத்துரு லினக்ஸ் வாசகரிடம் இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ள எழுத்துருவைப் பயன்படுத்தி, ஃபைல் → ப்ராப்பர்ட்டீஸ் → ஃபான்ட் என்ற இடத்தில் எழுத்துருவைக் கோப்புக்குள் பொதியும் பெட்டியில் டிக் இட்டுவிடுங்கள். இல்லையேல் வாசகரின் திரையில் வரிகள் வேறிடத்தில் உடையும். நீங்கள் இரண்டாம் பக்கம் என்று சொல்வது அவருக்கு மூன்றாம் பக்கமாக இருக்கும்.

உண்மையான மாணவர் பட்டியல், கைப்பேசி எண், ஆதார் எண் எதையும் மாதிரிக்கு எடுக்காதீர்கள். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் உங்கள் பெயரும் திருத்திய நேரமும் பதிந்திருக்கும். அங்கேயுள்ள ரீசெட் ப்ராப்பர்ட்டீஸ் பொத்தானை அழுத்திய பின்பே கோப்பை வெளியே கொடுங்கள்.

5. படிகளின் வரிசையை அமைத்தல்

இனி நம் எடுத்துக்காட்டை முழுதாகச் செய்து பார்ப்போம். வரிசை பிசகினால் என்ன ஆகும் என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

புதியவர் இயல்பாகச் செய்வது இது: கர்சரை இரண்டாம் பக்கத்தில் வைத்து, ஃபார்மட் → பேஜ் ஸ்டைல் → பேஜ் என்ற தாவலில் லேண்ட்ஸ்கேப் என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். ஆவணத்தின் எல்லாப் பக்கங்களும் திரும்பிவிடுகின்றன. ரைட்டரில் நீள அகலம், ஓரம், மேற்குறிப்பு (ஹெடர்), அடிக்குறிப்பு (ஃபூட்டர்) எல்லாம் பக்க ஸ்டைலின் சொத்து. எல்லாப் பக்கங்களும் டீஃபால்ட் பேஜ் ஸ்டைல் என்ற ஒரே ஸ்டைலில் இருப்பதால் எல்லாமே மாறுகின்றன. குறிப்பின் முதல் பத்தியிலேயே இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். இந்தக் காரணம் தெரியாதவருக்கு அடுத்து வரும் படிகள் வெறும் மந்திரமாகவே இருக்கும்.

முதல் படி: அறிமுகப் பத்திகள் முடியும் இடத்தில் கர்சரை வைத்து, இன்செர்ட் → மோர் பிரேக்ஸ் → மேனுவல் பிரேக் என்பதைத் திறந்து, பேஜ் பிரேக் என்பதையும் பேஜ் ஸ்டைல் பட்டியலில் லேண்ட்ஸ்கேப் என்பதையும் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்த வேண்டும். லேண்ட்ஸ்கேப் ஸ்டைல் ரைட்டரிலேயே தயாராக இருக்கிறது; புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அதன் தாள் அளவு ஏ4 தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: புதிய கிடைமட்டப் பக்கத்தில் ஒருமுறை என்டர் தட்டி வெற்றுப் பத்தி ஒன்றை விட்டுவிட்டு, அடுத்த பத்தியில் மறுபடியும் மேனுவல் பிரேக் இட வேண்டும், இம்முறை பேஜ் ஸ்டைல் பட்டியலில் டீஃபால்ட் பேஜ் ஸ்டைல். முடிவுரை மீண்டும் நிமிர்ந்த பக்கத்துக்கு வந்துவிடும்.

மூன்றாம் படி: நடுவில் விட்ட வெற்றுப் பத்திக்குத் திரும்பி அட்டவணையை நுழைக்க வேண்டும்.

பல குறிப்புகளில் அட்டவணை முதலிலும் பக்க முறிவுகள் பிறகும் வருகின்றன. அப்படி எழுதினால் வாசகரின் கர்சர் அட்டவணையின் ஏதோ ஒரு செல்லுக்குள் இருக்கும்போதே மேனுவல் பிரேக்கைத் தேடுவார். செல்லுக்குள் பக்க முறிவு இட முடியாது. அட்டவணைக்கு வெளியே கர்சரைக் கொண்டுவருவது எப்படி என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதாகும். இரண்டு முறிவுகளையும் முதலிலேயே இட்டுவிட்டால் அந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

நான்காம் படி பக்க எண். அடிக்குறிப்பு ஒவ்வொரு பக்க ஸ்டைலுக்கும் தனி என்பதால், டீஃபால்ட் பக்கங்களில் எண் தெரிந்தாலும் கிடைமட்டப் பக்கத்தில் தெரியாது. இன்செர்ட் → ஹெடர் அண்ட் ஃபூட்டர் → ஃபூட்டர் → லேண்ட்ஸ்கேப் என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கே கர்சரை வைத்து இன்செர்ட் → ஃபீல்ட் → பேஜ் நம்பர் என்று மறுபடியும் சேர்க்க வேண்டும்.

இந்தப் படி ஏன் கடைசியில் வருகிறது என்பதையும் எழுதுங்கள். ஃபூட்டர் மெனுவின் பட்டியலில், ஆவணத்தில் ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட ஸ்டைல்கள் மட்டுமே காட்டப்படும். பக்க முறிவு இடும் முன் அந்த மெனுவைத் திறந்தவருக்கு லேண்ட்ஸ்கேப் என்ற பெயரே தெரியாது.

இந்த நான்கு படிகளில் பின்பற்றிய ஒழுங்கை வேறு எந்தப் பணிக்கும் கொண்டுபோகலாம். மென்பொருளில் எந்தப் படி செய்த பிறகு எந்தத் தேர்வு புதிதாகத் தோன்றுகிறது என்பதை முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வரிசை தானாகவே அமையும். ஒவ்வொரு வாக்கியத்திலும் இடம் முதலில், பொருள் அடுத்து, செயல் கடைசியில் வரட்டும். “ஓகே அழுத்தவும், அதற்கு முன் இதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்” என்று எழுதினால், வாசகர் முதல் பாதியைப் படித்தவுடனே அழுத்திவிடுவார்.

6. எக்செல், வேர்டு பழக்கம் தடுக்கும் இடங்களை முன்கூட்டியே சொல்லுங்கள்

கால்க் பற்றி எழுதும்போது, வேறொரு தாளின் செல்லைச் சுட்டும் முறையை மறக்காமல் சொல்லுங்கள். தாள் பெயருக்கும் செல் முகவரிக்கும் இடையே எக்செலில் ஆச்சரியக்குறி வரும். கால்க்கின் இயல்பான அமைப்பில் புள்ளி வரும். எக்செலுக்கு எழுதிய சூத்திரத்தை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னால் பிழை காட்டும். டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லிப்ரே ஆபிஸ் கால்க் → ஃபார்முலா என்ற இடத்தில் எக்செல் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், தொடக்கநிலைக் குறிப்பில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாசகர் அடுத்து படிக்கப்போகும் எல்லாக் குறிப்பும் புள்ளியோடுதான் இருக்கும்.

சேமிக்கும் வடிவமும் அப்படியே. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறந்து சேமித்தால், அதே வடிவில் வைக்கவா, லிப்ரே ஆபிஸின் இயல்பான ஓடிஎஃப் வடிவில் வைக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். வேலை முடியும்வரை ஓடிடி (ரைட்டருக்கான ஓடிஎஃப்) வடிவில் வைத்திருந்து, பிறருக்கு அனுப்பும்போது மட்டும் சேவ் அஸ் மூலம் டாக்எக்ஸ் நகல் எடுக்கச் சொல்லுங்கள். டாக்எக்ஸ் வடிவில் பக்க ஸ்டைல் என்ற ஏற்பாடு கிடையாது. மேலே நாம் பாடுபட்டு அமைத்தவை அங்கே பிரிவுகளாக மாற்றி எழுதப்படும், மீண்டும் திறக்கும்போது ஸ்டைல் பெயர்கள் நீங்கள் வைத்தபடி இருக்கும் என்று நம்ப முடியாது.

தமிழ்நாட்டின் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல், லிப்ரே ஆபிஸ் எதிலிருந்து கிளைத்ததோ அந்த ஓப்பன் ஆபிஸின் ரைட்டர், கால்க், இம்பிரெஸ் ஆகியவற்றைப் பாடமாக வைத்தது. அதைப் படித்து வந்தவர்களுக்கு மெனு அமைப்பு ஓரளவு பழகியிருக்கும். அவர்களுக்காகவே எழுதுவதானால் இந்தப் பகுதியைப் பெரிதும் சுருக்கிக்கொள்ளலாம்.

7. மெனுப் பெயர்களும் ஸ்கிரீன்ஷாட்டுகளும்

வாசகரின் திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே மெனுப் பெயரை எழுதுங்கள். தமிழ் இடைமுகம் வைத்திருப்போருக்காகத் தனிப் பெயர்ப்பட்டியல் வேண்டுமானால், நீங்களே ஒருமுறை இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி, அங்கே காண்பதைப் பார்த்து எழுதுங்கள். சொந்தமாக மொழிபெயர்த்த மெனுப் பெயரை யாராலும் திரையில் கண்டுபிடிக்க முடியாது.

ஐகானின் இடத்தைச் சொல்லி வழிகாட்டுவதைத் தவிருங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஐகான்கள் வேறுபடுகின்றன. மெனு வழி பெரும்பாலும் ஒன்றே.

ஒவ்வொரு படிக்கும் படம் தேவையில்லை. முழுத்திரைப் படத்தில் வாசகர் பார்க்க வேண்டிய பெட்டி எங்கோ மூலையில் கிடக்கும். கைப்பேசியில் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. உரையாடல் பெட்டியை மட்டும் வெட்டி எடுங்கள்.

8. புதியவர் ஒருவரைக் கொண்டு சோதித்தல்

இந்தப் படியைப் பெரும்பாலான எழுத்தாளர்கள் தாண்டிவிடுகிறார்கள். வேறு எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டக் கூடாது. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டியூடோரியல் திட்டத்தில் பாட உரையைப் பாடம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கும் கட்டம் இருக்கிறது; தனி ஆளாக எழுதுபவருக்கும் அது இயலாத ஒன்றன்று.

லிப்ரே ஆபிஸைத் தொடாத ஒருவரை உட்கார வைத்து, குறிப்பையும் மாதிரிக் கோப்பையும் கொடுத்துவிட்டு, அருகில் பேசாமல் இருங்கள். அவர் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாமல், எந்த வரியில் கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து விளக்கிவிட்டால் அந்த விளக்கம் குறிப்பில் ஒருபோதும் ஏறாது.

பொதுவாகக் காண்பவை இவை. புதிய பக்கத்துக்குப் போக என்டரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரு படியைச் செய்துவிட்டு, சரியாக வந்ததா என்று தெரியாமல் விழிப்பார்கள். அந்த இடத்தில் “இப்போது பக்கம் அகலமாகத் தெரியும்” என்ற வாக்கியம் குறைகிறது என்று பொருள். தவறாகச் செய்துவிட்டால் திரும்பி வர வழி தெரியாமல் கோப்பையே மூடிவிடுவார்கள். கன்ட்ரோல் + இசட் என்பதை முதல் படிக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது.

ஒரே வரியில் இரண்டு பேர் நின்றால் அந்த வரியைத் திருத்துங்கள். விளக்கத்தைக் கூட்டுவதைவிட, படியை இரண்டாகப் பிரிப்பதே பெரும்பாலும் பலன் தருகிறது.

9. உரிமம், வெளியீடு, புதுப்பித்தல்

லிப்ரே ஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் வெளியிடும் ரைட்டர் கைடு, கால்க் கைடு முதலான கையேடுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு அவற்றிலிருந்து எடுத்தாளலாம், தழுவலாம். உங்கள் குறிப்பின் கீழும் உரிமத்தை ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால், அதைத் தம் ஊர் பயிற்சி வகுப்பில் அச்சிட்டுக் கொடுக்க விரும்பும் ஆசிரியர் உங்களைத் தேடி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பெரும்பாலோர் கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

குறிப்போடு மாதிரிக் கோப்பின் இரண்டு நிலைகளையும் வெளியிடுங்கள்: தொடங்கும் முன் இருந்தது, எல்லாம் முடித்த பின் இருப்பது. இடையில் தடுமாறியவர் இரண்டாவதைத் திறந்து, எந்தப் பக்கத்தில் எந்த ஸ்டைல் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். கர்சர் நிற்கும் பக்கத்தின் ஸ்டைல் பெயர் திரையின் அடியிலுள்ள பட்டையில் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதிய பதிப்பு வரும்போது முழுக் குறிப்பையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. சேஃப் மோடில் திறந்து, மாதிரிக் கோப்பின் முதல் நிலையிலிருந்து படிகளை ஒருமுறை செய்து பாருங்கள். ஆப்ஷன்ஸ் பக்கத்தின் பெயர்களும் இன்செர்ட் மெனுவும்தான் அடிக்கடி மாறுபவை. மாறிய வரியைத் திருத்தி, பழைய பெயரையும் அருகிலேயே விட்டுவைத்து, தொடக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணையும் தேதியையும் மாற்றுங்கள்.